1984 நாவலா குறுநாவலா? வெள்ளிக்கிழமைக்குள்ள எழுதணும், யாராச்சும் உதவுங்க

தமுவே மல்லி:

எல்லாருக்கும் வணக்கம். நான் யாங்கோன், தமுவே பக்கம். இங்கிலீஷ் மேஜர் எடுத்து வீட்டுல இருந்தே படிக்கிறேன், கூட ஒரு ட்யூஷனும் போறேன். தமிழ் கோயில் வகுப்புல கத்துக்கிட்டதுதான், ர ற இன்னும் தடுமாறும், பிழை இருந்தா திட்டாதீங்க.

விஷயம் என்னன்னா, சயாமா (டீச்சர்) ஒரு அசைன்மென்ட் குடுத்துருக்காங்க. சிறுகதை, குறுநாவல், நாவல், உருவகக் கதை இதெல்லாம் எப்படி வேற வேறன்னு ஒரு பக்கம் எழுதிட்டு, அப்புறம் ஜார்ஜ் ஆர்வெல்லோட 1984ஐ எடுத்துக்கிட்டு அது எந்த வடிவம், யாரு கண்ணு வழியா கதை போகுது, அந்த வடிவம் இல்லாம வேற மாதிரி சொல்லிருந்தா என்ன ஆகிருக்கும்னு மூணு பக்கம் எழுதணுமாம். ட்யூஷன்ல குடுத்த நோட்ஸ்ல 1984 குறுநாவல்னும் அவரோட இன்னொரு கதை விலங்குப் பண்ணை நாவல்னும் போட்டிருக்கு. விலங்குப் பண்ணைய நான் ஒரே ராத்திரில முடிச்சேன், 1984 மூணு வாரமா இழுக்குது. நோட்ஸ் தலைகீழா இருக்கா இல்ல எனக்குத்தான் மண்டைல ஏறலையா?

இன்னொன்னு. கதை புரியுது. நாயகன் வின்ஸ்டன் ஸ்மித், வீட்டுக்குள்ளயே வேவு பாக்குற டெலிஸ்கிரீன், ஆட்சித் தலைவர் பெரியண்ணன் எல்லாம் ஓகே. ஆனா ரெண்டாம் பாகத்துல ஆட்சிய எதிர்க்கிற கோல்ட்ஸ்டைன் எழுதுன புத்தகம்னு ஒன்னு வருது பாருங்க, பக்கம் பக்கமா போர், பொருளாதாரம், மேல்தட்டு கீழ்தட்டுன்னு... வின்ஸ்டன் சத்தமா படிக்க படிக்க அவன் காதலி ஜூலியா தூங்கிடுறா, நானும் தூங்கிட்டேன். நல்லா போய்ட்டு இருக்குற கதைக்கு நடுவுல ஏன் ஒரு பாடப்புத்தகத்த சொருகணும்?

எங்கிட்ட இருக்குறது பன்சோடான் தெரு பிளாட்பாரத்துல வாங்குன ஜெராக்ஸ் காப்பி, எழுத்து பொடிப்பொடியா இருக்கு, கரண்டும் நேரத்துக்கு இருக்காது. வெள்ளிக்கிழமை குடுக்கணும். கும்புட்டுக்கிறேன்.

பாகோ செல்வி:

மல்லி, நோட்ஸ்தான் தலைகீழ், உன் மண்டைக்கு ஒன்னும் இல்ல. நானும் ட்யூஷன் எடுக்குறவதான், ஒரு நோட்ஸ பத்து வருஷமா கைமாத்தி கைமாத்தி ஜெராக்ஸ் போட்டா இப்படித்தான் ஆகும்.

விலங்குப் பண்ணை 1945ல வந்துச்சு, சுமார் 30 ஆயிரம் சொல்லு, ஒரே கோடு, ஒரு பண்ணை, ஒரு புரட்சி, அது கெட்டுப்போற கதை, அவ்ளோதான். ஆர்வெல்லே அதுக்கு தேவதைக் கதைன்னுதான் துணைத்தலைப்பு போட்டாரு. அளவுல குறுநாவல், வகைல உருவகக் கதை, ரெண்டையும் எழுது, ஒன்னு எழுதுனா இன்னொன்னு தப்புன்னு இல்ல. 1984 வந்தது 1949 ஜூன். மூணு பாகம், 8 அத்தியாயம், 10 அத்தியாயம், 6 அத்தியாயம், அதுல வேலை, காதல், சதி, சிறைன்னு பல இழை ஓடுது. அது நாவல், சந்தேகமே வேணாம். ஆனா பக்கத்த எண்ணி வடிவத்த முடிவு பண்ணாத. சிறுகதை ஒரு கணத்த புடிக்கும், குறுநாவல் ஒரு நெருக்கடிய விடாம தொரத்தும், நாவலுக்கு ஒரு உலகமே வேணும், அதுக்கு நேரம் எடுத்துக்கும். நான் பிள்ளைங்களுக்கு இப்படித்தான் சொல்றது, இதுக்கு விதிவிலக்கு நூறு இருக்கு, இருக்கட்டும்.

யாரு கண்ணுன்னு கேட்டாங்கல்ல, அதுலதான் மார்க் இருக்கு. கதை படர்க்கைல போகுது, "அவன்" "அவன்"னு. ஆனா அந்த அவனுக்குத் தெரிஞ்சது மட்டும்தான் நமக்கும் தெரியும். பழைய சாமான் விக்கிற சார்ரிங்டன் கிழவன் கடைய நல்ல கடைன்னு அவன் நம்புனா நாமளும் நம்பணும். கட்சில பெரிய ஆளு ஓபிரையன் கண்ணுல ஒரு நட்பு தெரியுதுன்னு அவன் நெனச்சா நாமளும் நெனைக்கணும். சேர்ந்தே ஏமாறுவோம். ஜாம்யாத்தின்னு ஒரு ரஷ்யாக்காரர் 1920, 21 வாக்குல "நாம்"னு எழுதுனாரு, அது முழுக்க தன்மைல, டி-503ங்கிற ஆளு எழுதுற 40 குறிப்பா போகும். ஹக்ஸ்லி 1932ல எழுதுன புது உலக நாவல்ல கதைசொல்லி எல்லாம் அறிஞ்சவரு, ஒரே அத்தியாயத்துல நாலு எடத்துக்கு தாவுவாரு. ஆர்வெல் இந்த ரெண்டுக்கும் நடுவுல நிக்குறாரு, டைரி இருக்கு ஆனா கதை டைரில இல்ல. இந்த மூணையும் பக்கத்துல பக்கத்துல வச்சு அரை பக்கம் எழுதிட்டா சயாமா வாய் தொறக்க மாட்டாங்க.

கோல்ட்ஸ்டைன் புத்தகத்த தூங்காம இன்னொரு தரம் பாரு, பொடி எழுத்தா இருந்தா கடைசி ரெண்டு பக்கமாச்சும் பாரு. வின்ஸ்டன் முன்னாடியே டைரில எழுதிருப்பான், எப்படின்னு புரியுது, ஏன்னு புரியலன்னு. அந்தப் புத்தகம் பக்கம் பக்கமா "எப்படி"ய வெளக்கிட்டு, "ஏன்"னு சொல்ல ஆரம்பிக்கிற எடத்துல அவன் படிக்கிறத நிறுத்திடுறான், ஜூலியா தூங்கிட்டாளேன்னு. அந்த "ஏன்"க்கு பதில் மூணாம் பாகத்துல, வதைக்கிற ரூம்ல, ஓபிரையன் வாய்லதான் வருது. அதோட அவன் சொல்றான், அந்தப் புத்தகத்த எழுதுனதுல நானும் ஒருத்தன்னு. அப்ப நீ தூங்கித் தூங்கி படிச்சியே, எதிர்க்கட்சி புத்தகம்னு, அது ஆளுங்கட்சியே எழுதுனது! இத கதையா நேரா சொன்னா அந்த அதிர்ச்சி வராது, புத்தகமாவே கைல குடுத்து படிக்க வச்சாத்தான் வரும். உன் மூணாவது கேள்விக்கு இதுதான் பதில்.

பன்சோடான் புழு:

செல்வி அக்கா சொன்னதுக்கு மேல வடிவம் பத்தி சொல்ல எனக்கு பெருசா இல்ல, ஆனா மல்லி, நீ யாங்கோன்ல உக்காந்துக்கிட்டு 1984 எழுதுற, இந்த மனுஷன் 5 வருஷம் நம்ம ஊர்ல போலீஸ் வேலை பாத்தவருன்னு ஒரு வரி கூட இல்லாம எழுதுனா எனக்கு மனசு ஆறாது. 1922 கடைசில வந்தாரு, மண்டலேல ட்ரெய்னிங், அப்புறம் மியாங்மியா, துவாந்தே, சிரியம் அதாவது இப்ப தன்லின், இன்செயின், மோல்மேன், கடைசியா காத்தா. 1927ல லீவுல போனவரு வேலையே வேணாம்னு எழுதிக் குடுத்துட்டாரு. அம்மா வழி குடும்பம் மோல்மேன்ல மரம் கப்பல் வியாபாரம் பண்ணவங்க.

அவரோட முதல் நாவல் பர்மிய நாட்கள், 1934ல முதல்ல அமெரிக்காவுலதான் வந்துச்சு, லண்டன்ல போட பயந்தாங்க, யாராச்சும் என்னையத்தான் எழுதிருக்கான்னு கேஸ் போட்டுருவாங்கன்னு. காத்தாவ கியாவ்தடான்னு பேர் மாத்தி எழுதிருக்காரு. உன் அசைன்மென்ட்டுக்கு இது ஏன் வேணும்னா, ஒரே ஆளு ரெண்டு நாவல்ல கண்ண எங்க வைக்கிறாருன்னு பாரு. பர்மிய நாட்கள் நாயகன் புளோரிய வச்சு ஆரம்பிக்கல, வில்லன் ஊ போ சின் வராந்தாவுல உக்காந்துருக்கான், அவன் மண்டைக்குள்ள என்ன திட்டம் ஓடுதுன்னு முதல் அத்தியாயத்துலயே நமக்குத் தெரிஞ்சுடும், டாக்டர் வீராசாமிய கவுக்கப் போறான்னு. அப்புறம் முழு நாவலும் நாம பாவம் வீராசாமின்னு கைய பெசஞ்சுக்கிட்டே படிப்போம். கடைசி அத்தியாயத்துல எவன் எங்க போனான், எவ யார கட்டிக்கிட்டான்னு கணக்கு முடிச்சு குடுத்துடுவாரு, பழைய பாணி. 15 வருஷம் கழிச்சு 1984ல என்ன பண்றாரு? வில்லன் மண்டைக்குள்ள ஒரு வரி கூட நம்மள விட மாட்டாரு. ஓபிரையன் என்ன நெனைக்கிறான்னு கடைசி வரைக்கும் தெரியாது. ஆனா வின்ஸ்டன் மண்டைக்குள்ள என்ன ஓடுதுன்னு ஓபிரையனுக்கு தெரியும். பர்மிய நாட்கள்ல வாசகன் மேல இருந்து பாக்குறான், 1984ல வாசகன் மேலயே ஒரு கண்ணு இருக்குற மாதிரி ஆகிடுது. அந்த பயத்துக்கு இதுதான் காரணம், டெலிஸ்கிரீன் இல்ல.

இப்ப நான் சொல்ல வந்தது வேற. பர்மிய நாட்கள்ல கிளப் சீன் ஒன்னு இருக்கு. வெள்ளைக்காரங்க உக்காந்து குடிச்சிட்டு இருக்காங்க, பட்லர் வர்றான், கறுப்பா தடியா ஒரு திராவிட ஆளுன்னு எழுதிருக்காரு. ஐஸ் எவ்ளோ இருக்குன்னு கேக்குறாங்க. சுமார் இருபது பவுண்டு இருக்குங்க, இன்னைக்கு மட்டும்தான் வரும், இப்பல்லாம் ஐஸ் உருகாம பாத்துக்குறது ரொம்ப சிரமமா இருக்குன்னு அவன் ஒழுங்கான இங்கிலீஷ்ல சொல்றான். எல்லிஸ்னு ஒருத்தன், அந்த நாவல்லயே மோசமானவன், பாய்ஞ்சுட்டு வர்றான். டிக்ஷனரிய முழுங்கிட்டியா, இப்படியாடா பேசுவே, "ஐஸ் வைக்க முடியாது மாஸ்டர்"னு கொச்சையா பேசணும்டா உன் மாதிரி ஆளு, இங்கிலீஷ் ரொம்ப நல்லா வந்துட்டா இவன வேலைய விட்டே தூக்கணும்னு சொல்றான்.

படிச்சுட்டு புத்தகத்த மூடி வச்சுட்டேன் நான். எங்க வீட்டுல தப்பு இங்கிலீஷ்ல பேசுனா "பட்லர் இங்கிலீஷ்"னு கேலி பண்ணுவாங்க, எல்லார் வீட்டுலயும் பண்ணுவாங்க. இந்த சீன்ல பட்லருக்கு நல்ல இங்கிலீஷ் தெரியும். அவன் கொச்சையா பேசணும்னு கேட்டது எதிர்ல உக்காந்து ஜின் குடிச்சவன். இப்ப 1984ல, கட்சி உண்டாக்குற புதுப்பேச்சுங்கிற மொழிக்கு அகராதி போடுற சைம் கேன்டீன்ல பேசுறத எடுத்துக்க, சொற்கள அழிக்கிறது எவ்ளோ அழகான வேலை தெரியுமா, நல்லதுக்கு எதிர்ச்சொல்லே தேவையில்ல, "நல்லதல்ல"ன்னு போட்டா போதும்னு சந்தோஷமா பேசுவான். புதுப்பேச்சோட விதை காத்தா கிளப்ல, ஐஸ் பெட்டி பக்கத்துலதான் விழுந்துச்சுன்னு நான் சொல்லுவேன். யாரும் சண்டைக்கு வரலாம்.

அப்புறம் மல்லி ஒன்னு பாரு. உன் காப்பில முதல் அத்தியாயத்துல ஒரு அடிக்குறிப்பு இருக்கா? புதுப்பேச்சு ஓசியானியாவோட (கதை நடக்குற நாடு) ஆட்சிமொழியா இருந்தது, விவரம் பின்னிணைப்புல பாக்கவும்னு. இருந்தா கடைசில பின்னிணைப்பும் இருக்கணும். இருக்கா?

சும்மா படிக்கிறவன்:

சண்டைக்கு வரலாம்னு சொன்னதால வர்றேன் அண்ணே.

அந்த பட்லர் சீன் நல்ல சீன்தான், மறுக்கல. ஆனா புதுப்பேச்சு அங்கேருந்து வந்துச்சுன்னு சொல்றது நம்ம ஊர் பாசம். ஆர்வெல் 1941ல இருந்து 43 வரைக்கும் பிபிசில கிழக்கு நாடுகளுக்கு ரேடியோ பிரசாரம் எழுதுனவரு, அங்க எழுதுறதெல்லாம் சென்சார் கைக்கு போய்த்தான் வரும், கேன்டீன் சாப்பாடு வேற மோசம், அந்த நாத்தம் பூரா 1984ல இருக்கு. அதோட ஆக்டன்னு ஒருத்தர் 850 சொல்லுல மொத்த இங்கிலீஷையும் அடக்குறேன்னு பேசிக் இங்கிலீஷ்னு ஒன்னு கொண்டுவந்தாரு 1930ல, ஆர்வெலுக்கு முதல்ல அதுல ஆர்வம் இருந்துச்சு, அவருக்கு கடிதாசி எல்லாம் போட்டாரு. சொல்லக் குறைக்கிற யோசனை அங்கேருந்துதான்னு படிச்சவங்க சொல்லுவாங்க. மல்லி அசைன்மென்ட்ல இத விட்டுட்டு பட்லர மட்டும் எழுதுனா மார்க் குறையும்.

இன்னொரு விஷயம், திராவிட ஆளுன்னா ஒடனே நம்ம ஆளுன்னு சேத்துக்குறோம். ஆர்வெல் எழுதுன யானைய சுட்ட கட்டுரைல, மோல்மேன் சம்பவம், யானை மிதிச்சு செத்துக் கெடக்குற கூலிய திராவிடன்னுதான் எழுதுறாரு, ஆனா கடைசில வெள்ளைக்காரப் பசங்க அவன கொரிங்கி கூலிங்கிறாங்க. கொரிங்கின்னா தெலுங்கு ஆளுங்க, காக்கிநாடா பக்கம் கொரிங்கா துறைமுகத்துல கப்பல் ஏறி வந்ததால அந்தப் பேரு. பட்லரும் தமிழனா தெலுங்கனான்னு அவரு சொல்லல. வீராசாமிங்கிற பேர் ரெண்டு பக்கமும் உண்டு.

பன்சோடான் புழு:

தம்பி, கொரிங்கி விஷயம் சரி, ஒத்துக்குறேன், எனக்கே அந்த எடம் மறந்துருச்சு. அந்தக் கட்டுரைல அந்த வரிதான் கொடுமை, ஒரு கொரிங்கி கூலிய விட யானைக்கு வெல ஜாஸ்தி, அதுக்காக யானைய சுடலாமான்னு கேக்குறானுங்க. தெலுங்கனா தமிழனான்னு அவனுங்களுக்கு என்ன, எல்லாம் ஒன்னுதான்.

ஆக்டன் விஷயமும் சரி. ஆனா ஒரு யோசனைக்கு ஒரே அப்பன்தான் இருக்கணுமா? 850 சொல்லுங்கிற கணக்கு லண்டன்ல கெடைச்சுது, கீழ இருக்குறவன் பேசக்கூடாதுங்கிற புத்திய அவரு இங்கதான் நேர்ல பாத்தாரு. போலீஸ் யூனிபார்ம் போட்டுக்கிட்டு அதே கிளப்ல உக்காந்து.

தமுவே மல்லி:

அய்யோ எல்லாருக்கும் ரொம்ப நன்றி, நேத்து ராத்திரி பூரா கரண்ட் இல்ல, இப்பத்தான் பாக்குறேன், இவ்ளோ பேர் எழுதுவீங்கன்னு நெனைக்கல.

புழு அண்ணே நீங்க கேட்டத பாத்தேன். அடிக்குறிப்பு இருக்கு! ஆனா ஜெராக்ஸ் எடுக்குறப்ப பக்கத்தோட அடி வெட்டுப்பட்டு பாதி எழுத்துதான் தெரியுது, நான் ஏதோ மிஷின் அழுக்குன்னு நெனச்சேன். பின்னிணைப்பு இல்ல. அவன் பெரியண்ணன நேசிச்சான்னு வரி முடியுது, அடுத்த பக்கம் பச்ச கலர் அட்டை. முதுகுல பசை தடவுன எடத்துல கொஞ்சம் தாள் கிழிஞ்ச தும்பு ஒட்டிக்கிட்டு இருக்கு, அங்க ஏதோ இருந்துருக்கு. அப்ப நான் படிச்சு முடிச்சது முடிவே இல்லையா? அவன் தோத்துட்டான்னு ரெண்டு நாள் சோறே எறங்கல எனக்கு.

செல்வி அக்கா, டைரி பத்தி ஒரு டவுட். வின்ஸ்டன் முதல் நாள் டைரி எழுதுறப்ப படம் பாத்த கதைய எழுதுவான்ல, அதுல போகப்போக கேபிடல் லெட்டரும் போய் முற்றுப்புள்ளியும் போய் ஒரே ஓட்டமா இருக்கு. நான் ஜெராக்ஸ் கோளாறுன்னு நெனச்சேன், அது வேணும்னே அப்படியா?

பாகோ செல்வி:

வேணும்னேதான் கண்ணு. பல வருஷமா பேனாவ தொடாத ஆளு, பேச்சு எழுது பொறில பேசியே பழகுனவன், மனசுல இருக்குறத பேனாவால எழுத ஆரம்பிச்சதும் கை கட்டுப்படல. புள்ளி இல்லாம கமா இல்லாம கொட்டுறான். நாம இங்க டைப் பண்றத பாரு, அப்படித்தானே இருக்கு. வடிவம்னா அத்தியாயக் கணக்கு மட்டும் இல்ல, முற்றுப்புள்ளியும் வடிவம்தான். இத எழுது, நோட்ஸ்ல வராத பாயிண்ட்.

பன்சோடான் புழு:

அதான் கேட்டேன் மல்லி. பிளாட்பாரக் காப்பில இது அடிக்கடி நடக்கும், கதை முடிஞ்சுதுன்னு நெனச்சு மிஷின்காரன் மிச்சத்த விட்டுடுவான்.

பின்னிணைப்புல என்ன இருக்குன்னா, புதுப்பேச்சோட இலக்கணம். ஏ பிரிவு பி பிரிவு சி பிரிவுன்னு சொற்கள மூணா பிரிச்சு, ஒரு பேராசிரியர் எழுதுன கட்டுரை மாதிரி இருக்கும். விஷயம் அதுல இல்ல. அந்தக் கட்டுரை முழுக்க இறந்த காலத்துல இருக்கு. புதுப்பேச்சு ஆட்சிமொழியா "இருந்தது". அதுவும் எழுதுனது புதுப்பேச்சுல இல்ல, சாதாரண நல்ல இங்கிலீஷ்ல. அப்ப யாரு எழுதுனா? எப்ப எழுதுனா? பெரியண்ணன் ஆட்சி முடிஞ்சு, அத பத்தி பயமில்லாம ஆராய்ச்சி பண்ற காலத்துல எவனோ எழுதிருக்கான்னு பல பேர் படிக்கிறாங்க, எழுத்தாளர் மார்கரெட் அட்வுட்டும் அப்படித்தான் படிக்கிறாங்க. அவங்க 1985ல எழுதுன நாவல்லயும் கடைசில எதிர்காலத்துல நடக்குற ஒரு ஆராய்ச்சிக் கூட்டம் வரும், அதே வேலை.

அமெரிக்காவுல ஒரு புத்தக மன்றம் இந்தப் பின்னிணைப்பையும் கோல்ட்ஸ்டைன் புத்தகத்தையும் வெட்டிட்டு போடுறோம்னு கேட்டப்ப ஆர்வெல் முடியாதுன்னுட்டாரு. காசு வேண்டிய நேரம், உடம்பு வேற காசநோய்ல போய்ட்டு இருக்கு, 1950 ஜனவரில செத்தே போனாரு. அப்பவும் வெட்ட விடல. கடைசில அவங்கதான் எறங்கி வந்து முழுசா போட்டாங்க. நம்ம பன்சோடான் மிஷின்காரன் மட்டும் கேக்காமலே வெட்டிட்டான்.

சும்மா படிக்கிறவன்:

பின்னிணைப்பு இறந்த காலத்துல இருக்கு சரி, நாவலே இறந்த காலத்துலதானே இருக்கு? "கடிகாரங்கள் பதிமூணு அடிச்சுது"ன்னுதானே தொடங்குது? கதைன்னா இறந்த காலத்துல சொல்றது வழக்கம், அதுலேருந்து ஆட்சி விழுந்துச்சுன்னு கண்டுபிடிக்கிறது கொஞ்சம் ஆசை கலந்த கணக்கு. ஆசைப்படுறது தப்பில்ல. ஆனா சயாமாகிட்ட "இப்படியும் படிக்கலாம்"னு எழுது மல்லி, "இதுதான்"னு எழுதாத.

மோல்மேன் பெரியவர்:

பிள்ளைகளே, நான் வழக்கமாக இங்கே படிப்பதோடு சரி. கை நடுக்கம், பேரன்தான் டைப் பண்ணித் தருகிறான், நான் சொல்லச் சொல்ல.

இந்த ஊரில் ஒரு பழைய வேடிக்கைப் பேச்சு உண்டு. ஆர்வெல் பர்மாவைப் பற்றி எழுதியது ஒரு நாவல் இல்லை, மூன்று நாவல் என்பார்கள். பர்மிய நாட்கள் முதல் பாகம், விலங்குப் பண்ணை ரெண்டாம் பாகம், 1984 மூன்றாம் பாகம். டீக்கடையில் மெதுவாகச் சொல்வார்கள், சொல்லிவிட்டு சுற்றும்முற்றும் பார்ப்பார்கள். அதற்கு மேல் நான் விளக்கம் சொல்லப் போவதில்லை, என் வயசுக்கு அது போதும்.

மல்லியம்மா, ரெண்டும் ரெண்டும் அஞ்சு என்று அந்தக் கதையில் ஒத்துக்கொள்ள வைப்பான் அல்லவா. நான் ஒரு கணக்குச் சொல்கிறேன் கேள். 1987 செப்டம்பரில் ஒரு நாள் காலையில் 25, 35, 75 சாட் (பர்மாக் காசு) நோட்டு செல்லாது என்றார்கள், மாற்றவும் முடியாது. என் கைலிமுடிப்பில் நாலு 75 இருந்தது, முந்தின நாள் ட்யூஷன் சம்பளம். அந்த மாசமே புது நோட்டு வந்தது, 45 சாட், 90 சாட். ஒன்பதால் வகுபடவேண்டுமாம். கடைக்குப் போய் 45 கொடுத்து 17க்குச் சாமான் வாங்கினால் மீதி எவ்வளவு என்று கடைக்காரனும் நானும் விரல்விட்டு எண்ணிக்கொண்டு நிற்போம். நான் கணக்கு வாத்தியார்! பிள்ளைகளுக்குக் கூட்டல் சொல்லித்தரும்போதே எனக்குச் சிரிப்பு வந்துவிடும். அந்த நாவலைப் படித்தவர்கள் அந்தக் கட்டம் நடக்காத விஷயம் என்பார்கள். நான் அதைப் படித்தபோது இது என்ன புதுசு என்றுதான் தோன்றியது.

புத்தகத்தைத் தமிழில் க.நா.சுப்ரமண்யம் மொழிபெயர்த்திருக்கிறார், விலங்குப் பண்ணையும் அவர்தான். ஊரிலிருந்து யாராவது வந்தால் சொல்லி வாங்கிக்கொள்.

தமுவே மல்லி:

தாத்தா, நீங்க எழுதுனத எங்க பாட்டிக்கு படிச்சுக் காமிச்சேன். 75 சாட் நோட்டுன்னதும் எழுந்து போய் அரிசி டின்னுக்கு அடியிலேருந்து ஒரு பொட்டலத்த எடுத்துட்டு வந்துட்டாங்க, ஆறு நோட்டு, இன்னும் வச்சிருக்காங்க! செல்லாதுன்னு தெரிஞ்சும் ஏன் வச்சிருக்கீங்கன்னு கேட்டேன், ஒழச்ச காசுடின்னு சொல்லிட்டு திருப்பி வச்சுட்டாங்க.

பட்லர் விஷயமும் சொன்னேன். பாட்டியோட அப்பா ரங்கூன்ல ஒரு வெள்ளைக்காரர் வீட்டுல சமையல் வேலை பாத்தவரு. அவரு வீட்டுக்கு வந்தா மாஸ்டர் மாதிரியே சுத்தமா இங்கிலீஷ் பேசிக் காட்டி பிள்ளைங்கள சிரிக்க வைப்பாராம், ஆனா ரோட்டுல மாஸ்டர் எதிர்ல வந்துட்டா ஒடனே "எஸ் மாஸ்டர் நோ மாஸ்டர்"தானாம். பாட்டி இத தமாஷா சொல்லிச் சொல்லி நாங்க எல்லாரும் சிரிச்சிருக்கோம். இன்னைக்கு யாரும் சிரிக்கல.

எனக்கு இன்னொன்னும் ஒறைச்சுது. பாட்டி கோவம், எரிச்சல், ஆத்தாமை, சலிப்பு, வயித்தெரிச்சல்னு ஒவ்வொன்னுக்கும் ஒரு சொல்லு வச்சிருக்காங்க. நான் எல்லாத்துக்கும் ஒரே பர்மா சொல்லுதான் போடுறேன். என் தமிழும் புதுப்பேச்சு ஆகிட்டு இருக்கா? இத அசைன்மென்ட்ல எழுதலாமா?

பாகோ செல்வி:

எழுதாத. ஒன்னு, அது கதை வடிவம் பத்துன கேள்வி இல்ல, சயாமா சிவப்பு மையில சுத்துவாங்க. ரெண்டு, உன் தமிழ யாரும் மேலேருந்து வெட்டல, நீ பாட்டிகிட்ட பேசாம போனை நோண்டுறதால போகுது. ஆத்தாமைங்கிற சொல்ல இப்ப நீயேதான டைப் பண்ண?

சும்மா படிக்கிறவன்:

அக்கா ரொம்ப கறாரு. கோயில் வகுப்பு வாரத்துக்கு ரெண்டு மணி நேரம், அதுல எவ்ளோதான் வரும்? எல்லாம் போனோட தப்பு இல்ல.

பன்சோடான் புழு:

அத இன்னொரு நாள் பேசுவோம், தனியா ஒரு இழை போட வேண்டிய சண்டை. மல்லி, என்கிட்ட பின்னிணைப்போட ஒழுங்கான காப்பி இருக்கு. அந்தப் பக்கங்கள மட்டும் போட்டோ எடுத்து தனிச்செய்தில அனுப்புறேன், பொடி எழுத்தா இருக்காது. முதல்ல கடைசி பாராவ படி. இந்தப் புதுப்பேச்ச முழுசா கொண்டுவர 2050 வரைக்கும் ஏன் தள்ளிப்போட்டாங்கன்னு அங்கதான் வருது. ஷேக்ஸ்பியர் மாதிரி ஆளுங்கள புதுப்பேச்சுல பெயர்க்கிறது அவ்ளோ சுலபமா முடியலையாம்.

தமுவே மல்லி:

வந்துருச்சு அண்ணே, 14 போட்டோ. கடைசி பாரா படிச்சேன். மொழிபெயர்க்கிறவங்க வேலைய முடிக்காததால ஒரு சர்க்காரே காத்துக்கிட்டு இருந்துச்சா! சிரிச்சுட்டேன், பாட்டி என்னடின்னு கேட்டாங்க, தமிழ்ல சொல்லிப் பாத்தேன், பாதி வந்துச்சு.

முதல் வரி எழுதிட்டேன், சரியா பாருங்க: "1984 நாவலின் கடைசி வரி, அதன் கடைசிப் பக்கத்தில் இல்லை." மிச்சத்த இனிமேதான். கீழ் வீட்டுப் பசங்க மீ லா பீன்னு கத்துறானுங்க, கரண்ட் வந்துருச்சு, போறதுக்குள்ள டைப் அடிச்சுட்டு வர்றேன்.